அரைப் பவுன் மோதிரமும் காளான் கம்பெனியும்

தொண்ணூறுகளின் நடுவில் தல்லாகுளத்து அரசு அலுவலகங்களுக்குள் ஒரு புதுக் காய்ச்சல் நுழைந்தது. காலையில் கையெழுத்துப் போட்ட கையோடு டீக்கடைக்குப் போய், செய்தித்தாளின் பங்கு விலைப் பக்கத்தை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு கம்பெனி என்ன செய்கிறது, அதற்குக் கட்டடம் உண்டா, இயந்திரம் வந்ததா என்று எவரும் கேட்டதில்லை. ஏறுமாம் என்று ஒருவர் சொன்னால் போதும். அரைக்கிலோ கத்திரிக்காயைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து வாங்குகிறவர்கள், கண்ணால் பாராத கம்பெனியின் விண்ணப்பத்துக்கு வரிசையில் நின்றார்கள்.

அந்த வரிசையில் முதல் ஆள் என் அக்காவின் கணவர். என் அலுவலகத்திலேயே அடுத்த பிரிவில் இருந்தார். அக்கா கல்யாணமானதிலிருந்து வாடகை வீட்டிலேயே இருந்தவள். அலங்காநல்லூர் சாலையில் ஒரு மனை வாங்கி அஸ்திவாரமும் போட்டாயிற்று. சுவர் எழுப்ப வைத்திருந்த பணம் முழுவதையும் மச்சான் ஒரு காளான் கம்பெனியின் பங்கில் போட்டார்.

கப்பலூரில் காளான் வளர்த்து, டின்னில் அடைத்து, ஐரோப்பாவுக்கு அனுப்பப் போகிற கம்பெனி. சித்திரை வெயிலில் தார் ரோடே இளகுகிற ஊரில் காளான். திறப்பு விழாவுக்கு என்னையும் அழைத்துப் போனார். பந்தல் பெரிதாக இருந்தது. தொழிற்சாலை என்று அவர்கள் காட்டியது ஒரு தகரக் கொட்டகை. வந்தவர்களுக்கு ஆளுக்கொரு காளான் டின் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து டின்னை ஈரத்துணியால் துடைத்தபோது லேபிள் உரிந்து வந்தது. அடியில் இன்னொரு லேபிள், வடக்கே ஏதோ ஒரு கம்பெனியின் பெயரில். மச்சானிடம் காட்டினேன். ஆரம்பத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள் என்றார், நாலு ஆலை நடத்திப் பழகியவர் போல.

ஆனால் பங்கு ஏறியது. வாங்கிய விலையைப் போல மூன்று மடங்கு ஆனது. பாதியை விற்றாலே சுவர் எழும்பிவிடும், மீதியை வைத்துக்கொண்டு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்றேன். முடியாது என்றார். இன்னும் ஏறும் என்கிற பேராசையென்றால்கூட எனக்குப் புரிந்திருக்கும். காரணம் வேறு. கம்பெனியின் சேர்மன் மச்சானுக்குத் தூரத்துச் சொந்தம். மச்சான் மகளின் சடங்குக்குக் காரில் வந்து இறங்கி, பிள்ளையின் விரலில் அரைப் பவுன் மோதிரம் போட்டு, போட்டோவுக்கும் நின்றுவிட்டுப் போயிருந்தார்.

"சபையில மோதிரம் போட்ட மனுசன், மாப்ள. அவரு கம்பெனிய வித்துட்டு, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவரு வீட்டு விசேஷத்துக்குப் போறது?"

எங்கள் பக்கம் ஒருவர் விசேஷத்துக்கு வந்து செய்த செய்முறையை, அந்த மொய்யையும் சீரையும், திருப்பிச் செய்யும்வரை அவருக்கு எதிராக ஒரு சொல் பேசமாட்டார்கள். சேர்மனுக்கு இது தெரியும். பங்கு வாங்கியவர்கள் வீட்டு விசேஷம் ஒன்றைக்கூட அந்த வருடம் அவர் தவறவிடவில்லை. காளான் வளர்க்கத் தெரியாதவருக்கு மோதிரம் போடத் தெரிந்திருந்தது. எங்கள் அலுவலகத்தில் இப்படிக் கட்டுண்டு கிடந்த அறிவாளிகள் ஐந்தாறு பேர். ஒருவரும் விற்கவில்லை. அந்த நாட்களில் விற்றுக்கொண்டிருந்தது சேர்மனின் ஆட்கள்தான் என்பது பின்னால் தெரிந்தது.

அக்கா அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "அவரு போட்டது அரைப் பவுன். நீங்க போட்டது என் வீடு."

பிறகு விலை இறங்கியது. இறங்கித்தான் ஏறும் என்றார்கள் டீக்கடையில். மேலும் இறங்கியது. வாங்க இதுதான் நேரம் என்றார்கள். ஒருநாள் செய்தித்தாளில் அந்தப் பெயரையே காணோம். அச்சுப் பிழையாக இருக்கும் என்றார்கள். நான் பஸ் ஏறிக் கப்பலூர் போய்ப் பார்த்தேன். கொட்டகையில் யாரோ உர மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். காளான் கம்பெனி இதுதானே என்று கேட்டதற்கு, காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

இவ்வளவுக்கும் பிறகு சேர்மன் வீட்டிலிருந்து பத்திரிகை வந்தது, அவர் மகளின் சடங்குக்கு. மச்சான் வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தார். அக்கா பீரோவைத் திறந்து அந்த மோதிரத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதையே அந்தப் பிள்ள விரல்ல போட்டுட்டு வாங்க. செய்மொற தீந்துச்சு. நாளைக்குப் போயி பங்க வித்துருங்க."

மச்சான் போட்டுவிட்டு வந்தார். பந்தியில் காளான் பிரியாணியாம், நன்றாக இருந்ததாம். மறுநாள், கடமை முடித்த மனிதராக, பத்திரக் கட்டோடு மேலமாசி வீதித் தரகரிடம் போனார். நானும் கூடப் போனேன். தரகர் கட்டைப் பிரிக்கவே இல்லை. மேலே இருந்த பெயரைப் படித்துவிட்டு, "இத வாங்குறதுக்கு ஒரு ஆளு வேணும்லண்ணே" என்று எங்கள் பக்கமே தள்ளினார்.

மழைக்குப் பிறகு அஸ்திவாரத்துக்குள் கருவேலம் முளைத்தது. அந்த மாதம் வாடகையைக் கூட்டிக் கேட்டு வீட்டுக்காரர் வந்தார். அக்காதான் வாசலில் நின்று பேசினாள். மச்சான் உள்ளே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.