குடும்பக் கட்டுப்பாட்டு அறை ரோஷினி

ரோஷினி என்ற பெயரை மாடத்தி முதன்முதலில் கேட்டது தன் புருஷன் சங்கிலிமுத்து வாயிலிருந்து. 2007, தீபாவளி சீசன். ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் அவனுடையது. சாப்பிடும்போது தானாகச் சொன்னான்.

"பெரியாஸ்பத்திரியில ரோஷினின்னு ஒரு பிள்ளை. எம்புட்டுப் பொறுமையாப் பேசுது."

இவளோடு அவன் பொறுமையாகப் பேசி எத்தனையோ காலம். அந்த வாரமே வேன் சீட்டுக்கு அடியில் நிரோத் ஆணுறைப் பொட்டலங்களைப் பார்த்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்கிறவனுக்கு இது எதற்கு?

விஸ்வநத்தத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த கொழுந்தன் பெண்டாட்டி பேச்சியம்மாள் தூபம் போட்டாள். "குடும்பக் கட்டுப்பாட்டு ரூம்ல இருக்காளே, அவதான். நல்ல செவப்புக்கா. போய்ப் பாத்தீகன்னா ஒங்களுக்குச் சோறு எறங்காது."

மாடத்தி தான் மருந்து அடைக்கும் பட்டாசுக் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் அலுமினியப் பவுடர் நகக்கண்ணில் மினுங்கியது. ரோஷினியின் விரலிலோ மருதாணி.

"சங்கிலிமுத்து இங்கன வாராரா?"

"யாரு வாராக, போறாகன்னு நான் சொல்றதில்லக்கா. ஒங்களுக்காக வந்தீகன்னா உக்காருங்க."

மறைக்கிறாள் என்று மாடத்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரோஷினி அடுத்த பிள்ளை வேணுமா, காப்பர் டி போடலாமா என்று கேட்டாள். பிறகு, "எச்.ஐ.வி. ரத்தமும் இங்கனயே பாத்துருவோம். தனி ரூமுன்னா ஊரு பேசுதுன்னு ரெண்டையும் ஒண்ணா வச்சிருக்கு" என்றாள்.

"எடு. எனக்கென்ன பயம்? நான் ஒருத்தன் மொகம்தான் பாத்திருக்கேன்."

ரத்தத்தில் ஒன்றுமில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கவும் வீட்டுக்காரரையும் கூட்டிவரவும் சொன்னாள்.

"ஒங்க ரோஷினிகிட்ட ரத்தம் குடுத்துட்டேன். சுத்தமாம். நீரு வாரும், ஒம்ம சேதியும் தெரியட்டும்" என்று வீட்டில் அவனைக் குத்தினாள்.

சங்கிலிமுத்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "எனக்கு இருக்கு மாடத்தி. ஒன்கிட்டச் சொல்லச் சொல்லித்தான் அந்தப் பிள்ளை என்னையத் திரும்பத் திரும்ப வரச் சொல்லிச்சு. நிரோத்தும் ஒனக்காகத்தான் குடுத்துச்சு. எனக்கு வாய் வரல."

மாடத்தி அழுது முடித்துக் கேட்டது ஒன்றுதான். "என்கிட்டச் சொல்லாததை அவகிட்ட மொதல்ல சொல்லியிருக்கீகளே?"

மறுபரிசோதனையிலும் அவளுக்கு ஒன்றுமில்லை. அவன் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வேன் ஓட்டுகிறான். அந்தப் பெயரை வீட்டில் சொன்னால் மட்டும் மாடத்தி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ரோஷினி இப்போது அருப்புக்கோட்டையில் இருக்கிறாள். அதே வேலைதான்.