நான் தள்ளவில்லை என்று சொன்ன வருடம்

எங்கள் கூத்தின் கடைசிக் காட்சி விடியும் நேரத்தில் வரும். அண்ணனும் தம்பியும் கடலுக்குப் போகிறார்கள். அண்ணன் மட்டும் திரும்புகிறான். தம்பி தவறி விழுந்தானா, அண்ணன் தள்ளினானா என்பது கதையில் இல்லை. தாய் கேட்பதும் இல்லை. சோறு போடுகிறாள், அவன் சாப்பிடுகிறான், மங்களம் பாடிவிடுவார்கள். பதினேழு வருடமாக அந்த அண்ணன் வேஷம் எனக்கு.

எனக்குப் பிழைப்பு மரக்காணம் உப்பளத்தில். மழை பிடித்துவிட்டால் பாத்தியெல்லாம் தண்ணீர், மூன்று மாதம் வேலை கிடையாது. அப்போது கடற்கரைக் குப்பத்துப் படகுக்காரர் ஒருவர் என்னை வலை இழுக்கச் சேர்த்துக்கொள்வார். வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான்.

படகில் எப்போதும் ஒரே கேலி.

"ஏம்பா, இவன் பக்கத்துல குந்தாத. கூடப் பொறந்தவனையே வுட்டுட்டு வந்தவன்."

ஆரம்பத்தில் நானும் சிரித்தேன். பிறகு அலுத்துவிட்டது. போன மழையில் புதிதாக வந்த ஒருத்தன் நிஜமாகவே என் பக்கத்திலிருந்து எழுந்து போனான். படகுக்காரர் முகம் மாறியதைப் பார்த்தேன். அடுத்த வருடம் என்னைக் கூப்பிடுவாரா என்று பயம் வந்துவிட்டது.

கூத்தை நடத்தும் வாத்தியாரிடம் போனேன்.

"ஒரு வரி போடுங்க வாத்தியாரே. நான் தள்ளலன்னு. அவ்ளோதான்."

"தள்ளலன்னு உனக்கு யாரு சொன்னது?"

"அப்ப தள்ளினானா?"

"எனக்கு எப்படிப்பா தெரியும்? நான் என்ன அந்தப் படகுலயா இருந்தேன்?"

எனக்கு எரிந்தது. ஊருக்கே கதை சொல்லித் தருகிறவர், கதையில் நடந்தது தெரியாதாம். வேலை போனால் இவரா சோறு போடுவார்?

இந்த ஆடித் திருவிழாவில் நானே சொல்லிவிட்டேன். தாய் வேஷம் கட்டியவர் சோற்றை வைத்ததும், "அம்மா, நான் தள்ளல" என்றேன். மத்தளம் நின்றுவிட்டது. அவருக்குப் பதில் வரி கிடையாது. வைத்த சோற்றின் மேலேயே இன்னொரு பிடி வைத்தார். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எனக்கே கேட்டது.

"கேக்காமயே சொல்றான் பாரு."

எவனோ செல்போனில் எடுத்திருக்கிறான். மத்தியானத்துக்குள் குப்பம் முழுக்கப் பார்த்துவிட்டார்கள். மழைக்கு முன்னால் படகுக்காரரைத் தேடிப் போனேன். வலையில் கிழிசல் தைத்துக்கொண்டே பேசினார்.

"இத்தினி வருஷமும் வெளையாட்டுக்குத்தான் சொன்னானுங்க. நீ எதுக்கு வாயத் தொறந்த?"

"அது கூத்துங்க."

"தெரியுது. எனக்கு ஒண்ணும் இல்ல. பசங்க உன்கூட ஏற மாட்டேன்றானுங்க. வேற ஆள் பாத்துட்டேன்."

இப்போது குயிலாப்பாளையத்தில் ஒரு விடுதி கட்டும் இடத்தில் கலவை சுமக்கிறேன். தோள்பட்டை விட்டுப்போகிறது. வாயை மூடிக்கொண்டு ஆடுவதாக இருந்தால் அடுத்த வருடமும் அண்ணன் வேஷம் எனக்குத்தான் என்று வாத்தியார் சொல்லியனுப்பினார். சரி என்றேன். வேறு வேஷம் எனக்குத் தெரியாது.

பதினேழு வருடமும் அவன் தள்ளவில்லை என்று நம்பித்தான் ஆடினேன். நேற்று பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் இருந்தவர் என்னை அடையாளம் கண்டு செல்போனில் அந்த வீடியோவைக் காட்டினார். என் குரலை நானே கேட்டேன். இப்போது எனக்கும் அவன்மேல் நம்பிக்கை இல்லை.