பெயர் கேட்கும் லேப்டாப்

லேப்டாப்பை மூடினால் அது தூங்க வேண்டும், திறந்தால் விழிக்க வேண்டும். வீட்டின் இரண்டு பெண்களில் பெரியவளின் வேலை அவ்வளவுதான். மூடித் திறந்து, மூடித் திறந்தே பாதி ஆயுளை ஓட்டிவிட்டாள். பழைய லேப்டாப்புகளில் லினக்ஸ் என்கிற இலவச சிஸ்டத்தைப் போட்டு விற்கிற அந்தக் கடையில் இதற்கும் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது, சம்பளத்தோடு.

அன்று வந்த மாடல் அடம்பிடித்தது. மூடிய பிறகும் விசிறி இரைந்தது, பேட்டரி கரைந்தது. நோண்டிப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. தூங்கச் சொன்னால், சொல்வது யார் என்று கேட்கும்படி கம்பெனிக்காரன் எழுதி வைத்திருக்கிறான். ஊரெல்லாம் விலைக்கு வாங்குகிற சிஸ்டத்தின் பெயரைச் சொன்னால்தான் அடங்கும். லினக்ஸ் என்றால் காதிலேயே போட்டுக்கொள்ளாது. எந்த சிஸ்டம் வந்தாலும் ஒரே மாதிரி நடக்கத்தான் தரநிலை என்று ஒன்று போட்டார்கள். போட்டு என்ன, மதிக்க வேண்டுமே!

"பேரை மாத்திச் சொல்ல வெச்சிட்டுப் போவீங்களா அக்கா, அதுகிட்ட போய் நியாயம் பேசிக்கிட்டு!" என்றான் பக்கத்து மேசைக்காரன்.

லினக்ஸைப் பொய்ப் பெயர் சொல்ல வைக்கும் ஒரு வரியைச் சேர்த்தாள். மூடினாள். விசிறி நின்றது.

வீட்டில் அம்மா முந்தின நாளிலிருந்து சாப்பிடவில்லை. இன்றும் சாப்பிடாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கில் குழாய் போட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறதி முற்றியதிலிருந்து தட்டை நீட்டினாலே ஒரே கேள்வி.

"யாரு நீங்க?"

"நான்தாம்மா, பெரியவ." இத்தனை நாளும் இதைத்தான் சொன்னாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள், கெஞ்சிக் கெஞ்சித்தான் இரண்டு வாய் இறங்கும். "சின்னவளைக் கூப்பிடு" என்பாள். குளிப்பாட்டுவது இவள், துணி அலசுவது இவள். பெயரை மட்டும் தங்கைக்குத் தாரை வார்ப்பாளா? அந்தத் தங்கை கடல் தாண்டிப் போனவள், போனில்கூட எப்போதாவதுதான் எட்டிப் பார்ப்பாள். கொடுத்து வைத்தவள்.

"யாரு நீங்க?"

கடையில் சொல்ல வைத்த பொய் நாக்கில் ஒட்டியிருந்ததோ என்னவோ.

"நான்தாம்மா, சின்னவ."

அம்மா வாயைத் திறந்தாள். ஒவ்வொரு வாயாக மளமளவென்று உள்ளே போனது. பெரியவளுக்கு நிம்மதியும் இல்லை, கோபமும் இல்லை. மனசு மரத்துப் போயிருந்தது. கை பாட்டுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது.

பாதித் தட்டில் அம்மா அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"போதும்டி. மிச்சத்தை மூடி வை. பெரியவ வேலை முடிஞ்சு பசியோட வருவா."

"சரிம்மா."

மூடி வைத்தாள். அம்மா தூங்கிய பிறகு அதே தட்டைத் திறந்து சாப்பிட்டாள். ஆறிப்போயிருந்தது.