அடைப்புக்குறி கையெழுத்துப் போடவில்லை

ஈஸ்ட் தொழிற்சாலையின் விளக்கறையில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கும் அவளுக்கு ‘அடைப்புக்குறி’ என்று யார் பெயர் வைத்தார்களோ தெரியாது. இரண்டு காலும் வெளிப்பக்கம் வளைந்திருக்கும். நேராக நின்றால் முட்டிகளுக்கு நடுவே ஒரு பூனை தாராளமாகப் போய்வரலாம். வெயில் எட்டிப் பார்க்காத ஒற்றை அறையில் வளர்ந்த எலும்பு அது. யாராவது அந்தப் பெயரால் கூப்பிட்டால், “நடுவுல என்ன எழுதணும், சொல்லு” என்பாள்.

அப்படிப்பட்டவள் கையில்தான் வைட்டமின் டி வேலை வந்து சேர்ந்தது. வெயில் பட்டால் நம் தோலில் ஊறி எலும்பை உறுதியாக்கும் சத்து, புற ஊதா விளக்குப் பட்டால் ஈஸ்ட்டிலும் ஊறும். கரைத்த ஈஸ்ட்டை எஃகுத் தட்டில் மெல்லிசாக ஓடவிட வேண்டும். தடித்துப் போனால் அடியில் இருப்பதற்கு ஒளி எட்டாது. பிறகு உலர்த்தி ரொட்டிக்கூடத்துக்கு அனுப்புவார்கள். அந்த ரொட்டி, வருடக்கணக்கில் படுக்கையிலேயே கிடப்பவர்களின் இல்லத்துக்குப் போகும். அவர்களுக்கு வெயிலே இவள்தான்.

அன்று காலை ஒளியளக்கும் மீட்டரை விளக்கடியில் நீட்டினாள். இருக்க வேண்டியதில் பாதிதான் காட்டியது. முந்தின நாள் ஓட்டிய நாற்பது மூட்டையும் இந்த விளக்கடியில் போனவைதான். விளக்கை மாற்றச் சொல்லி இரண்டு மாதமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருக்கிறாள்.

சரக்கில் சத்து சரியாக ஏறியிருக்கிறது என்று அவள் சான்று தர வேண்டிய தாளை மேலாளர் நீட்டினார். “கையெழுத்துப் போடுங்கம்மா, லாரி நிக்குது. விளக்கு நல்லாத்தானே எரியுது? பளிச்சுன்னு நீலமா இருக்கு.”

“நீலம் நம்ம கண்ணுக்கு, சார். சத்து குடுக்கிற ஒளி கண்ணுக்குத் தெரியாது. விளக்கு பழசானா முதல்ல செத்துப்போறது அதுதான்.”

“ரொட்டி உப்பும்ல? அப்புறம் யாருக்குத் தெரியப் போகுது?”

“எலும்புக்குத் தெரியும்.”

அவ்வளவுதான், மரியாதை பறந்துவிட்டது. “நீ போடலன்னா நான் போட்டுக்கிறேன். மூட்டை கட்டுற இடத்துக்குப் போய் லேபிள் ஒட்டு. அப்பதான் உனக்குப் புத்தி வரும்.”

கோபம் வந்தால் மனுஷனுக்கு மூளை எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ! மூட்டை வெளியேறும் கடைசி வாசலில் கொண்டுபோய் அவளையே நிறுத்திவிட்டார்.

அங்கே இரண்டு லேபிள் சுருள்கள் இருந்தன. ஒன்றில் ‘வைட்டமின் டி ஈஸ்ட்’, மற்றொன்றில் வெறும் ‘ஈஸ்ட்’. வேலை போய்விடும் என்று தெரிந்தேதான் இரண்டாவதைக் கையில் எடுத்தாள். நாற்பது மூட்டையிலும் ஒட்டினாள். சுருக்கம் விழாமல் நீவி நீவி ஒட்டினாள்.

லாரிக்காரர் மூட்டையைப் படித்துவிட்டு, இது தான் கேட்டு வந்த சரக்கில்லை என்று ஏற்ற மறுத்தார். மேலாளர் ஓடி வந்தார். முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது.

“யாரைக் கேட்டு இதை ஒட்டினே?”

அவள் மூட்டைகளுக்கு முன்னால் வந்து நின்றாள். புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தாள்.

“இந்தக் காலைக் கேட்டேன், சார்.”