அடுத்த அடுப்புக்குக் கொடுத்த தீ

கரமனையில் எங்கள் தெருவில் பிச்சம்மாளைப் போல ஒரு வாயாடி கிடையாது. கிழக்கேகோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் இருந்தாள். நூறு புடவையை விரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமல் எழுந்து போகிறவர்களைக்கூடச் சிரிக்க வைத்துத்தான் அனுப்புவாள். அந்தக் கடையில் வேலை நேரத்தில் விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாது. ஒரு மத்தியானம், கூட்டமில்லாத நேரத்தில், பிச்சம்மாளும் இன்னும் நான்கு பெண்களும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஐந்து பேருக்கும் அன்றைக்கே வேலை போயிற்று.

தொழிலாளர் நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. முதலாளி எறணாகுளம் ஹைகோர்ட்டுக்குப் போனார். அங்கேயும் தோற்று, இரண்டு நீதிபதிகள் அமர்வில் மறுபடி அப்பீல் போட்டார். ஜெயிப்பதற்கு இல்லை, இவர்களைக் களைக்க வைப்பதற்கு. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஐவரும் ஒன்றாகவே ரயிலேறினார்கள். போனால் ஐந்து பேரும் வேலைக்குப் போவது, இல்லாவிட்டால் ஒருத்தியும் போவதில்லை என்பது அவர்களுக்குள் பேச்சு.

அந்த மாசியில், பெண்கள் தெருவில் அடுப்பு மூட்டி அம்மனுக்குப் பொங்கலிடும் ஆற்றுக்கால் பொங்காலை வந்தது. தெரு முழுக்கச் செங்கல் அடுப்புகள். கோவிலிலிருந்து வரும் தீயை அடுப்புக்கு அடுப்பு கொடுத்துக்கொண்டே போக வேண்டும், ஆள் பார்த்து மறுக்கக் கூடாது. பிச்சம்மாளின் கெட்ட நேரம், அடுத்த அடுப்பு முதலாளியின் மனைவியுடையது. அந்த அம்மாள் காய்ந்த ஓலையை நீட்டினாள். பிச்சம்மாள் பற்ற வைத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது சிரித்தும் தொலைத்தாள். எவனோ அதைப் போனில் படம் எடுத்தான்.

அந்தப் படத்தோடு கடை மானேஜர் மற்ற நால்வர் வீட்டுக்கும் போனார். உங்கள் பிச்சம்மாள் மாமி எங்களோடு ராஜியாகிவிட்டாள், இனி நீங்கள் யாருக்காகக் கோர்ட்டுக்கு அலைகிறீர்கள் என்று கேட்டார். நால்வரும் வழக்கு வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த முறை தனியாக ரயிலேறிய பிச்சம்மாளுக்கு இது கோர்ட்டில் வைத்துத்தான் தெரிந்தது. தீர்ப்பு அவள் பக்கமே வந்தது. எழுதிக் கொடுக்காதவள் அவள் ஒருத்தி, அதனால் வேலையும் அவள் ஒருத்திக்கே.

ஊர் திரும்பியதும் நேரே ஷெமி வீட்டுக்குப் போனாள். ஐவரில் இளையவள் ஷெமி. நானும் கூடப் போயிருந்தேன்.

"எங்கிட்டே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடீ?"

ஷெமி தலை நிமிரவில்லை. "கேக்கணும்னுதான் இருந்தோம் மாமி. ஆமான்னு சொல்லிருவியளோன்னு பயமாட்டு இருந்து."

பிச்சம்மாள் வாசலில் நின்றபடியே அழுதாள். இத்தனை வருஷ வழக்கில் அவள் அழுது நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை வேலைக்குச் சேர வேண்டும் என்று உத்தரவு. "ஜெயிச்சிருக்கே, போயேண்டி" என்று எவ்வளவோ சொன்னேன்.

"அங்கே போய் யாரோட நிக்கறது?" என்றாள்.

அவள் போகவில்லை. கோர்ட்டில் தோற்ற முதலாளி நினைத்தது நடந்துவிட்டது.