சேஷனின் கையிலிருக்கும் பிளக்

கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கித் தன் இடது கைக்குள் இறுக்கிக்கொண்ட பிறகுதான் மாவை வழிக்க மனைவியை அனுமதிப்பார் சேஷன். பசுவின் வாலைப் பிடித்தவர் போல அப்படியே நிற்பார்.

"சுவிட்சத்தான் அணைச்சாச்சே, இன்னும் என்ன?" என்பாள் நாகலக்ஷ்மி.

"அணைச்ச சுவிட்ச யார் வேணா போடலாமே!"

வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

ஸ்ரீவராகத்து வீட்டில் இப்படி நிற்கும் இந்த அறுபத்து மூன்று வயதுக்காரர், ரோட்டர்டாம் துறைமுகத்தில் பத்தொன்பது வருஷம் மெக்கானிக். இப்போது இயந்திரங்களின் பாதுகாப்புக் குறிப்புகளை இங்கிலீஷிலிருந்து டச்சுக்கு மாற்றித் தருகிறார். உட்கார்ந்து செய்கிற வேலை என்று நினைத்தால் அது நம் தப்பு. ஒரு பத்தி மாடிப்படியில், ஒரு பத்தி சமையல் மேடையில். 'கையைத் தள்ளி வை' என்று வந்தால், தன் கையைத் தள்ளி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் டச்சைத் தட்டுவார். பழவங்காடிக் கோயிலில் யாராவது பிள்ளையாருக்குத் தேங்காயை ஓங்கினால் "லெட் ஓப்!" என்று டச்சில் எச்சரித்துவிட்டு ஆறடி பின்வாங்குவார். பிள்ளையார் ஒன்றும் சொல்வதில்லை.

துறைமுகத்துச் சிவப்புப் பூட்டு ஒன்றும் கூடவே வந்திருக்கிறது. இயந்திரத்தில் கை வைப்பவனே சுவிட்சைப் பூட்டி, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கே சட்டம். அதன்படி இந்த வீட்டில் எலக்ட்ரீஷியன் சொரிமுத்து மெயின் சுவிட்சைப் பூட்டிவிட்டு ஃபேன் மாட்டினார். சாவியோடு சாலைக் கடைத்தெருவுக்குப் போய்விட்டார். மறுநாள் மதியம்வரை கரண்ட் இல்லை. "சட்டம் எப்படி வேலை செய்யறது பாத்தியா?" என்றார் சேஷன், விசிறிக்கொண்டே.

இன்று வந்திருப்பது ரொட்டி மாவு பிசையும் இயந்திரத்தின் குறிப்பு. ஆறாவது படி: சிக்கிய மாவைக் கையால் எடு. எட்டாவது படி: சுவிட்சைப் பூட்டு. காலையிலிருந்து ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்து தீர்த்தவர், கடைசியில் மொழிபெயர்ப்பு வேலைகளைப் பிரித்துத் தரும் ஜினிக்குப் போன் போட்டார்.

"கை உள்ள போனப்புறம் பூட்டச் சொல்றாம்மா!"

"சாரே, அது எழுதினவங்க பாடு. உள்ளத உள்ளபடி டச்சுல ஆக்கித் தந்தா மதி, அது போதும். முந்தாநாள் சூடுன்னா எத்தன டிகிரின்னு கேட்டீங்க. நேத்து ஸ்டிக்கர் எந்தச் சிவப்புன்னு கேட்டீங்க. அஞ்சு மணிக்கு ஃபைல் வரணும். அதுக்குப் பதிலா இன்னொரு சந்தேகம் வந்துதுன்னா வேலைய வேற ஆளுக்குக் கொடுத்துருவேன், கேட்டீங்களா?"

ஜினி சொல்வதும் நியாயம்தான். இவருக்கு இருப்பதோ இந்த ஒரு வேலை.

"இதுவும் போச்சுன்னா நாள் முழுக்க என்னைத்தான் எச்சரிச்சிண்டு இருப்பேள். பேசாம அனுப்பிடுங்கோ," என்றாள் நாகலக்ஷ்மி, கிரைண்டரை நிறுத்தியபடி.

மணி நாலு ஐம்பது. வழக்கம்போல் பிளக் இடது கைக்குள் போயிற்று. மேடைமேல் மடிக்கணினி, ஃபைலை இணைத்தாயிற்று, அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. நாகலக்ஷ்மியின் கை மணிக்கட்டுவரை மாவுக்குள் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இணைத்த ஃபைலை நீக்கிவிட்டு வலது கையின் ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார்: 'ஜினி, ஆறாவது படிக்கு முன்னால் பூட்டு வர வேண்டாமா?'

"வழிச்சாச்சு, விடுங்கோ," என்றாள் அவள்.

மெயில் போன சத்தம் கேட்டது. அவள் கையைக் கழுவி, துடைத்து, கூடத்துக்கே போய்விட்டாள். பிளக் இன்னும் அவர் இடது கைக்குள்ளேயே இருந்தது.