கட்டைக் குரல் ராசா

எங்கள் சங்கீத ரீச்சரின் கணக்கில் உலகம் இரண்டே வகை. பெண் பிள்ளைகள் பாடுவார்கள். ஆண் பிள்ளைகள் தாளம் போடுவார்கள். பொடியன்களில் ஒருவன் தப்பித் தவறிப் பாடிவிட்டால் ஒரு கிழமைக்கு அவனுக்கு 'அக்கா' என்று பெயர். இந்த ஒழுங்கைக் குழப்புவதற்கென்றே மூன்றாம் வகுப்பில் நான் போய்ச் சேர்ந்தேன். பெண் பிள்ளையாகப் பிறந்தும் எனக்கு வாய்த்தது, சீமெந்துத் தரையில் நெல் மூட்டை இழுப்பது போன்ற குரல்.

"நீ பாடாத புள்ள. வாய மட்டும் அசை" என்றார் ரீச்சர். அன்பாகத்தான் சொன்னார். பள்ளிக்கூடத்தில் இரண்டு தவணையாகக் கரையில் தூக்கிப் போட்ட மீனைப் போல வாயைத் திறந்து மூடிக்கொண்டு நின்றேன். வீட்டில் அம்மாவும் அதே கட்சி. கிணற்றடியில் நான் வாயைத் திறந்தால், "மெல்லமா மகள். பொம்புளப் புள்ளட குரலா இது? ரோட்டால போறவன் என்ன நினைப்பான்" என்பார்.

அம்மாவின் தம்பிக்கு நேர்மாறான யோகம். மாமா கூத்தில் ராசாத்தி வேடம் கட்டும் இளந்தாரி. எங்கள் பக்கத்துக் கூத்தில் பெண் வேடமும் ஆண்களுக்குத்தான். விடிய விடிய ஆடிய கூத்து, சண்டை தொடங்கி ஊரடங்கு வந்த பிறகு பகலுக்கு மாறியிருந்தது. பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் மறைந்திருந்த ராசாத்தியின் தாடி வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. அப்போதும் மாமாவை ஒருவரும் 'அக்கா' என்று கூப்பிடவில்லை. அந்த நியாயம் எனக்குப் பிடிபடவில்லை. இப்போதும் பிடிபட்டதாகச் சொல்ல மாட்டேன்.

பரிசளிப்பு விழாவுக்குச் சிறுவர் கூத்துப் பழக்க ரீச்சர் மாமாவைக் கூப்பிட்டார். ராசா, வகுப்பிலேயே உயரமான பொடியன். மாமாவின் மத்தளம் அதிர, அவன் வாளைச் சுழற்றி வந்து நின்று வரவுப் பாட்டைத் தொடங்கினான். அணில் குஞ்சு ஒன்று கத்தியது. எல்லோரும் சிரித்தோம். அவன் வாளைக் கீழே வைத்துவிட்டு, இனித் தாளம்தான் போடுவேன் என்று போய் உட்கார்ந்துகொண்டான்.

"பொம்புளப் புள்ளையள் ஒருக்காப் பாடுங்க பாப்பம்" என்றார் மாமா. வாயை அசைக்கத்தான் நினைத்தேன். குரலும் கூடவே வந்துவிட்டது. மத்தளம் நின்றது.

"இந்தா இரிக்கிறார் ராசா."

"பொம்புளப் புள்ளைய எப்பிடி ராசாவா விடுற?" என்று ரீச்சர் தயங்கினார்.

"நான் ராசாத்தியா ஆடுறன்தானே ரீச்சர். அதால இஞ்ச ஒண்டும் இடிஞ்சு விழல்ல. இடிஞ்சதெல்லாம் செல்லடியாலதான்."

விழாவன்று கரியால் மீசை வரைந்து, காகித முடி வைத்து, இரண்டு தவணையாகச் சேர்ந்து கிடந்த சத்தம் முழுவதையும் சபையில் இறக்கினேன். முன்வரிசையில் ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழுதது. மற்றவர்கள் இன்னொருக்கால் பாடச் சொன்னார்கள்.

வீடு வாவிக்கு அக்கரையில். மீசையோடும் முடியோடும் வாளோடுமே அம்மா, மாமாவுடன் நான் துறையடிக்கு வந்தேன். அங்கே, ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவைக்கு முன்னால், ஆமியின் சென்றிக் காவலரண். அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். மாமா சட்டைப் பையைத் தடவினார். மறுபடியும் தடவினார். மத்தளம் அடித்து வேர்வையில் நனைந்த சட்டையை மாற்றிக்கொண்டு வந்தவர் அவர். அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார்.

"பாடு மகள். நல்லா உரத்துப் பாடு."

என் காதையே நம்ப முடியவில்லை. வாளை உயர்த்தி வரவுப் பாட்டைப் பிடித்தேன். ஆமிக்காரன் திடுக்கிட்டு, பிறகு சிரித்து, உள்ளேயிருந்த மற்றவனையும் கூப்பிட்டான். "ராஜா, ராஜா" என்று எனக்கு ஒரு சலூட்டும் அடித்தான். பாட்டு முடிந்ததும் எல்லோரையும் போகச் சொல்லிக் கையைக் காட்டினான். மிதவை நடு வாவிக்கு வந்த பிறகு மாமா பலகையில் குந்தி, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். என் கலையின் மகிமை என்று நான் தலை வணங்கினேன்.

அட்டை பள்ளிக்கூட யன்னலில் காய்ந்த ஈரச் சட்டைக்குள் கிடந்தது என்பதோ, அது இல்லாத இளந்தாரியைச் சென்றியில் மறித்தால் என்ன ஆகும் என்பதோ அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மாவுக்குக் கடைசியில் என் குரல் பிடித்துவிட்டது என்பதுதான். அன்று மீசையைக் கழுவ மாட்டேன் என்று கிணற்றடியில் அடம்பிடித்து, ரோட்டால் போனவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அதே பாட்டைப் பாடிக்கொண்டு நின்றேன். அம்மா வாளியோடு பக்கத்திலேயே நின்றார். மெல்லமா என்று சொல்லவேயில்லை.